தந்திரோபாய முகாமைத்துவக் கற்பித்தல்: கண்டி மலைநாட்டை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

பல்கலைக்கழகங்களில் முகாமைத்துவம் பயிலும் மாணவர்கள் தமது இறுதியாண்டில் எதிர்கொள்ளும் பாடங்களுள் தந்திரோபாய முகாமைத்துவம் தனித்த இடம் பெறுவது. கணக்கியல், நிதி, சந்தைப்படுத்தல், மனிதவளம், உற்பத்தி எனத் தனித்தனியே கற்றவற்றை ஒருங்கிணைத்து, ஒரு நிறுவனம் எங்கே நிற்கிறது, எங்கே செல்லவேண்டும், எவ்வழியாற் செல்லவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடைகாண முயலும் பாடம் இது. கோபுரத்துக்குக் கலசம் போலப் பட்டப்படிப்பின் உச்சியில் இது வைக்கப்பட்டுள்ளது. கலசம் கோபுரத்தோடு பொருந்தி நிற்கிறதா, கோபுரம் எழுந்துநிற்கும் மண்ணை அது அறியுமா என்பனவே இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினாக்கள்.

இத்தகையதொரு பொருள் தமிழ்ச் சங்க மலரில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் இப்பாடத்தின் முதன்மையான கற்பித்தற் கருவி கதையே என்பதை நினைவுகூர்ந்தால் அவ்வியப்பு நீங்கும். ஒரு நிறுவனத்துக்கு நேர்ந்ததைக் கதையாகச் சொல்லி, அதன் முடிவை மாணவரே ஆராயுமாறு விடும் முறையைச் சம்பவக் கற்கை என்கிறோம். கதை சொல்பவர் யார், தலைவன் யார், கதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பேசாதவர்கள் யார் என்று கேட்பது இலக்கியத் திறனாய்வின் அன்றாடப் பணி. அதே வினாக்களை வணிகக் கதைகளிடமும் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

1. சொல்லும் நோக்குநிலையும்

ஆங்கிலத்தில் இத்துறையைக் குறிக்கும் சொல், படைத்தலைவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. தமிழில் தந்திரோபாயம், மூலோபாயம், உபாயம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. தந்திரம் என்றால் அன்றாடப் பேச்சில் சூழ்ச்சி என்றே கொள்கிறோம். பழைய வழக்கில் அச்சொல்லுக்குப் படை என்னும் பொருளும் உண்டு. ஆகவே இரு மொழிகளிலும் இத்துறையின் பெயருக்குள்ளேயே ஒரு படைத்தலைவன் அமர்ந்திருக்கிறான். களத்தை உயரத்தில் நின்று நோக்கும் அவனது கண்ணுக்குத் தன் படையினர் எண்ணிக்கையாகவே தோன்றுவர். இந்நோக்குநிலை பெயரோடு நின்றுவிடவில்லை. பாடத்தின் உட்பொருளிலும் ஊடுருவியிருக்கிறது என்பதைப் பின்னர் காண்போம்.

பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்னும் நான்கு கட்ட அட்டவணையைக் கண்டவுடன், இவையெல்லாம் திருக்குறளில் முன்பே உள்ளன என்று கூறி மகிழ்வது நம்மவரிடையே ஒரு வழக்கமாகிவிட்டது. தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என அடுத்தடுத்து வரும் அதிகாரங்கள் அவ்வொப்புமைக்கு இடந்தருகின்றன என்பது உண்மையே. ஆனால் அவ்வொப்புமையினும் முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமற் போகிறது. வள்ளுவர் அவ்வதிகாரங்களை வைத்த அதே அரசியல் என்னும் இயலிலேதான் செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை ஆகிய அதிகாரங்களையும் வைத்திருக்கிறார். வலியை எடைபோடக் கற்றவன் ஆளப்படுவோருக்கு என்ன செய்கிறான் என்னும் வினா அங்கே அதே பாடத்தின் பகுதியாகிறது. நமது பாடநூல்களிலோ நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்பது பெரும்பாலும் தனியொரு அத்தியாயம். தவணை முடியும் தறுவாயில் நேரம் மிஞ்சினாற் கற்பிக்கப்படுவது.

2. பாடத்தின் தோற்றம்

இப்பாடத்தின் பிறப்பிடம் ஐக்கிய அமெரிக்கா. 1908இல் நிறுவப்பெற்ற ஹாவாட் வணிகக் கல்லூரி 1912இல் வணிகக் கொள்கை என்னும் பாடத்தைத் தொடங்கியது. 1959இல் அமெரிக்க வணிகக் கல்வியை ஆராய்ந்து கோர்டனும் ஹவலும் வெளியிட்ட அறிக்கை, முன்னர் கற்றவற்றையெல்லாம் ஒன்றிணைக்கும் இறுதிப் பாடமாக வணிகக் கொள்கை அமையவேண்டும் என விதந்துரைத்தது. 1962இல் அல்பிரட் சான்ட்லரின் நூலும், 1965இல் இகோர் அன்சொவின் நூலும், 1971இல் கென்னத் அன்ட்ரூசின் நூலும் வெளிவந்து இத்துறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் இட்டன. 1979இல் மைக்கேல் போட்டர் தமது ஐந்து விசைகளை முன்வைத்தார். வணிகக் கொள்கை என்ற பழைய பெயர் தந்திரோபாய முகாமைத்துவம் என மாறியதும் இக்காலப்பகுதியிலேதான்.

இவ்வறிஞர்கள் ஆராய்ந்தவை பெரும்பாலும் அமெரிக்கப் பெருநிறுவனங்கள். சான்ட்லர் எடுத்துக்கொண்டவை டூபொன்ட், ஜெனரல் மோட்டர்ஸ், நியூ ஜேர்சி ஸ்டான்டர்ட் ஒயில், சியர்ஸ் ஆகிய நான்கும். பரந்த உள்நாட்டுச் சந்தை, வளர்ந்த மூலதனச் சந்தை, நிலைத்த சட்ட ஒழுங்கு ஆகியவற்றை இயல்பெனக் கொண்ட சூழலில் உருவான கோட்பாடுகள் இவை. அவை பிறந்த மண்ணுக்கு அவை பொருந்தும். வேறொரு மண்ணில் அவற்றைக் கற்பிக்கும்போது எவை பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை என்று ஆராய்வதே கற்பித்தலாகும். வெறுமனே ஒப்புவிப்பது மொழிபெயர்ப்புமாகாது.

3. சம்பவக் கற்கை என்னும் கதைவடிவம்

சம்பவக் கற்கைகள் பலவும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. நிறைவேற்று அதிகாரி ஒருவர் தமது அலுவலகத்தில் அமர்ந்து, அடுத்த வாரம் பணிப்பாளர் சபையின் முன் வைக்கவேண்டிய முடிவைப் பற்றிச் சிந்திப்பதாகக் கதை தொடங்கும். பின்னர் நிறுவனத்தின் வரலாறு, போட்டியாளர், நிதிநிலை அட்டவணைகள் ஆகியன வரும். இறுதியில் அதே அதிகாரியிடம் மீண்டு, அவர் என்ன செய்யவேண்டும் என்னும் வினாவோடு முடியும். மாணவர் அனைவரும் அவருடைய நாற்காலியில் அமர்ந்து சிந்திக்கப் பணிக்கப்படுவர்.

இம்முறையின் பயனை நாம் மறுக்கவில்லை. குறிப்பெடுத்து மனனஞ்செய்து பரீட்சை எழுதிப் பழகிய மாணவரை வாய்திறந்து வாதிட வைப்பது இதுவே. முழுமையற்ற தகவல்களைக் கொண்டு, குறித்த நேரத்துக்குள், காரணங் காட்டி ஒரு முடிவுக்கு வரும் பயிற்சி வேறு பாடங்களில் அரிதாகவே கிடைக்கும். ஆயினும் இக்கதைவடிவத்தில் இரு குறைகள் உள.

முதலாவது, முடிவு தெரிந்த பின் எழுதப்படும் கதை என்பதால், நடந்தவை யாவும் திட்டமிட்டே நடந்தன என்னும் மயக்கத்தை அது தோற்றுவிக்கிறது. இதற்கு ஹொண்டா நிறுவனத்தின் கதையே சிறந்த சான்று. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையை அந்நிறுவனம் கைப்பற்றிய விதத்தை 1975இல் பொஸ்டன் ஆலோசனைக் குழுமம் பிரித்தானிய அரசுக்கு அளித்த அறிக்கை, பேரளவு உற்பத்தியையும் குறைந்த செலவையும் அடிப்படையாகக் கொண்ட நுண்ணிய திட்டமாக விளக்கியது. அவ்விளக்கம் வகுப்பறைகளில் பரவலாகக் கற்பிக்கப்பட்டது. 1984இல் ரிச்சர்ட் பஸ்கேல் அம்முயற்சியில் நேரடியாக ஈடுபட்ட யப்பானிய அலுவலர்களைச் சந்தித்துக் கேட்டெழுதிய கட்டுரை வேறொரு கதையைச் சொன்னது. 1959இல் லொஸ் ஏஞ்சலிசில் வந்திறங்கிய அவர்கள் பெரிய இயந்திரங்களையே விற்க முயன்றனர். அவை நெடுந்தூர ஓட்டத்தில் பழுதாகின. தமது சொந்த அலுவல்களுக்காக அவர்கள் நகரில் ஓட்டித்திரிந்த 50 சீசீ சிறிய வண்டிகளே பிறர் கண்ணைக் கவர்ந்தன. திட்டத்தில் இல்லாத சிறுவண்டியே வெற்றியைத் தந்தது. முன்கூட்டி வகுக்கப்படும் உபாயம், செயலின் போக்கில் உருவாகும் உபாயம் என ஹென்றி மின்ஸ்பேர்க் வேறுபடுத்திக் காட்டியதை மெய்ப்பிக்கும் உதாரணமாக இது இன்று கொள்ளப்படுகிறது.

இரண்டாவது குறை நோக்குநிலை பற்றியது. கதை முழுவதும் ஒருவர் கண்வழியே சொல்லப்படுவதால், ஏனையோர் அவரது முடிவுக்குரிய காரணிகளாகச் சுருங்கிவிடுகின்றனர். எந்தவொரு தொழிலையும் நிறுவனத்தையும் நேரில் அறியாத இளைஞர்கள் சில பக்கங்களைப் படித்துவிட்டுத் தலைமை அதிகாரியாகத் தீர்ப்பு வழங்குவதை மின்ஸ்பேர்க் தமது 2004ஆம் ஆண்டு நூலில் கடுமையாகக் கண்டித்தார். நம் நாட்டுக்கு அக்கண்டனம் இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நமது பட்டதாரிகளுட் பெரும்பாலோர் வங்கியிலோ கம்பனியிலோ அரச திணைக்களத்திலோ கீழ்ப்படியில் தொழில் தொடங்குபவர்கள். பிறர் எடுத்த முடிவுகளை நிறைவேற்றுவதிலும் அவற்றின் விளைவுகளைத் தாங்குவதிலுமே அவர்களின் முதற் பல ஆண்டுகள் கழியும்.

4. மலைநாட்டின் கதை

இவ்விரு குறைகளையும் களைவதற்குரிய சம்பவக் கற்கை ஒன்று பேராதனையைச் சூழ்ந்தே கிடக்கிறது. முகாமைத்துவத்துக்கெனத் தனிப் பீடத்தையே கொண்டுள்ள இப்பல்கலைக்கழகத்தின் எல்லையில் எழும் ஹந்தானை மலையிலே, 1925இல் கட்டப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 2001 முதல் தேயிலை அருங்காட்சியகமாக விளங்குகிறது. மறுபுறத்தே தாவரவியற் பூங்கா. ஹேவாஹெட்டைப் பக்கம் சென்றால் லூல்கந்துர தோட்டம். கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்த வரலாற்றின் மூன்று முக்கிய களங்களையும் ஒரு பகலிற் பார்த்துவிடலாம்.

அவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் விதம் நாமறிந்ததே. கோப்பிச் செடியை நோய் தாக்கியது. தோட்டத்துரைமார் தளராது தேயிலைக்கு மாறினர். இலங்கை உலகப் புகழ் பெற்றது. சூழலின் அச்சுறுத்தலை வாய்ப்பாக மாற்றிய உபாயத்துக்கு இதனினும் பொருத்தமான உதாரணம் கிடையாது எனத் தோன்றும். ஆனால் ஆண்டுகளை வரிசைப்படுத்தி நோக்கினால் இக்கதையின் நேர்கோடு வளையத் தொடங்குகிறது.

லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதன்முதலாகப் பதிவானது 1869இல். அவ்வாண்டே பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் நோயுற்ற இலைகளை ஆய்வுக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார். எனவே தேயிலை நோய்க்கு மாற்றாகப் பிறந்ததன்று. நோய்க்கு ஈராண்டு முன்னரே பரிசோதனையாக நடப்பட்டது. 1873இல் இலண்டனுக்குச் சென்ற முதற்பொதி வெறும் 23 இறாத்தல். அக்காலத்து நிறுவனத் தலைவர் எவரும் அதனைத் தமது ஆண்டறிக்கையில் பொருட்படுத்தியிரார்.

நோய் கண்டபின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத்தக்கது. விளைவு குறைந்தபோதிலும் உலகச் சந்தையில் கோப்பியின் விலை உயர்ந்தமையால் இலாபம் தொடர்ந்தது. ஆகவே துரைமார் கோப்பியைக் கைவிடவில்லை. புதிய காடுகளை அழித்து மேலும் கோப்பியையே நட்டனர். நோய் தோன்றி ஒன்பது ஆண்டுகளின் பின், 1878இலேதான் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கர் என்னும் உச்சத்தை எட்டியது. கணக்கேடு நலம் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வேளையில் இலை உதிர்ந்துகொண்டிருந்தது. நிதி விகிதங்களை நம்பி நிறுவனத்தின் நலத்தை அளக்கக் கற்பிக்கும் எந்தப் பாடத்துக்கும் இதைவிடச் சிறந்த எச்சரிக்கை தேவையில்லை.

1880 முதல் 1882 வரை பேராதனையில் இந்நோயை ஆராய்ந்த மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி, அது ஒரு பூஞ்சணத்தால் விளைவது என்பதைத் தெளிவுபடுத்தியதோடு, மலைச்சரிவுகள் முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே அது பரவ வழிவகுத்தது என்றும் சுட்டிக்காட்டினார். துரைமார் அவரிடம் எதிர்பார்த்தது மருந்து. அவர் அளித்தது அவர்களது உற்பத்தி முறை பற்றிய விமர்சனம். தமது பலம் என்று அவர்கள் கருதிய பரந்த ஒற்றைப் பயிர்ச் செய்கையே பலவீனமாகவும் இருந்தது. அட்டவணையின் இரு கட்டங்களில் ஒரே பொருளை எழுதவேண்டிய நிலை இது. நமது பரீட்சை விடைத்தாள்களில் அவ்வாறு எழுதும் மாணவருக்குப் புள்ளி கிடைக்குமா என்பது ஐயமே.

கோப்பியின் வீழ்ச்சி உறுதியானபின் பெரும்பாலோர் நாடியது தேயிலையை அன்று, சிங்கோனாவை. மலேரியாவுக்கு மருந்தாகும் குவினைனைத் தரும் அம்மரம் 1883 அளவில் ஏறத்தாழ 64,000 ஏக்கரில் நின்றது. இலங்கையும் ஜாவாவும் போட்டியிட்டுப் பட்டையைச் சந்தையிற் குவிக்க, விலை சரிந்தது. சில ஆண்டுகளில் சிங்கோனாவும் மறைந்தது. இடையில் 1884இல், தோட்டங்களுக்குக் கடன் வழங்கிய ஓரியன்டல் வங்கி முறிந்தது. தேயிலை இவ்விரு வீழ்ச்சிகளுக்கும் பின்னரே முழுமையாக மேலெழுந்தது. கொழும்பில் பகிரங்கத் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கியது 1890இல். அதன் பின்னரே தோட்டத்தையும் பிரித்தானியக் கடைத்தெருவையும் ஒரே வணிகரின் பொதி இணைத்தது.

கதையின் தலைவராகப் போற்றப்படும் டெயிலரின் முடிவையும் நோக்கவேண்டும். பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து நாற்பதாண்டுக் காலம் லூல்கந்துரவிலேயே உழைத்த அவரைத் தோட்ட நிருவாகம் இறுதியிற் பணியிலிருந்து விலகச் சொன்னது. 1892இல் அத்தோட்டத்திலேயே அவர் காலமானார்; கண்டி மகையாவ மயானத்தில் அவரது கல்லறை இருக்கிறது. புதுமையைக் கண்டவரையே நிறுவனம் சுமையெனக் கருதும் நிலை எவ்வாறு தோன்றுகிறது என்பதைத் தந்திரோபாயப் பாடம் பேசாவிட்டால் வேறெந்தப் பாடம் பேசும்?

5. கதையில் இடம்பெறாதோர்

இதுவரை கூறியவற்றை ஒரு திறமையான வணிக வரலாற்றாசிரியரும் கூறக்கூடும். ஆனால் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறியதன் மிகப் பெரிய விளைவு எந்த நிறுவனத்தின் ஐந்தொகையிலும் பதியப்படவில்லை. கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கடல்கடந்து, மன்னார்க் கரையிலிறங்கி, வடபுலக் காட்டு வழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்துவந்தோர் அறுவடை முடிந்ததும் பெருமளவில் ஊர் திரும்பினர். வழியில் நோய்க்கும் பசிக்கும் இரையானோர் பலர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். அதற்கு நிலையாகத் தங்கும் தொழிலாளர் வேண்டும், குடும்பத்தோடு தங்கவேண்டும், பெண்களின் உழைப்பு வேண்டும். ஆகவே லயங்கள் நிலைத்தன. பருவத்துக்கு வந்துபோனவர்கள் குடியிருக்கும் மக்களாயினர்.

முகாமைத்துவ மொழியிற் சொன்னால், மாறுஞ் செலவாக இருந்த உழைப்பு நிலையான செலவாக மாறியது. வரலாற்று மொழியிற் சொன்னால், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்விடமே மாறியது. அவ்வாறு இம்மண்ணுக்கு உரியோரானவர்களின் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964இல் செய்யப்பட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. பயிர்மாற்ற முடிவை எடுத்த எவரும் இவற்றை எண்ணியிருக்க முடியாது. ஆனால் ஓர் உபாயத்தின் விளைவுகள் அதனை வகுத்தவரின் காலத்தோடும் இலாபக் கணக்கோடும் முடிந்துவிடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் நம்மிடம் வேறில்லை.

இனிப் பாடநூலின் கருவியொன்றை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம். போட்டரின் ஐந்து விசைகளுள் ஒன்று வழங்குநரின் பேரம்பேசும் வலு. உழைப்பாளரையும் வழங்குநராகவே கொள்ளவேண்டும் என்பது அவரது கருத்து. கொழுந்து பறிக்கும் பெண்கள் சங்கமாகத் திரண்டால் வழங்குநரின் வலு கூடும். வலு கூடினால் தொழிலின் கவர்ச்சி குறையும். ஆய்வு என்ற அளவில் இதிற் பிழையில்லை. ஆனால் வகுப்பறையில் அமர்ந்திருப்போருள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி இருப்பாளாயின், தன் தாயின் சம்பள உயர்வை அச்சுறுத்தல் என்னும் கட்டத்தில் எழுதியே அவள் சித்தியடைய வேண்டியிருக்கும். அவள் எழுதுவாள், நல்ல புள்ளியும் பெறுவாள். அவ்வாறு எழுதப் பழகுவதையே நாம் தொழில்சார் மனப்பாங்கு என்று பாராட்டுகிறோம். அக்கட்டத்தை எங்கிருந்து நோக்கி வரைந்தோம் என்று அவளைக் கேட்கத் தூண்டாத கற்பித்தல், அவளுக்குத் தெரிந்த ஒன்றை அவளிடமிருந்து பறித்துவிடுகிறது.

தோட்டத்தில் ஒருநாள் வேலை பேர் எனப்படும். காலையிற் பிரட்டுக்களத்தில் கூடி, மலைக்குச் சென்று, விதித்த நிறையளவு கொழுந்து பறித்தாற்றான் அன்று பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். 1992இல் அரச தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின் சம்பளம் கூட்டு ஒப்பந்தங்களால் தீர்மானிக்கப்பட்டு வந்தது. 2021இல் அம்முறை முறிந்து, சம்பள நிர்ணய சபையின் வழியாக நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. உடனே பிணக்கு எத்தனை கிலோவுக்கு ஒரு பேர் என்னும் வினாவுக்கு இடம்மாறியது. உற்பத்தித்திறன் என்று கம்பனி அறிக்கை குறிப்பதும், அரைப்பேர் என்று லயத்தில் சொல்லப்படுவதும் ஒரே தராசின் இரு பக்கங்கள். இரு சொற்களையும் அறிந்த மாணவரே அத்தொழிலை அறிந்தவராவார்.

நாற்காலியில் அமர்வோர் எப்போதும் கம்பனித் துரைமாரே என்பதுமில்லை. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. அந்நியர் கையிலிருந்த நிலத்தை மீட்கும் அவ்வுபாயத்தை முற்போக்காளர் பலர் வரவேற்றனர். ஆயின் கண்டி, கம்பளைப் பகுதித் தோட்டங்கள் சிலவற்றிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர நேர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. வேளாண் அறிஞர் பலர் எச்சரித்தும் முடிவு மாறவில்லை. அவ்வாண்டு இறுதிக்குள் தடை தளர்த்தப்பட்டபோதும், 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் விளைவிப்போர் சிறுதோட்ட உடைமையாளர். அவர்களும் அந்த முடிவின் விளைவைத் தாங்கினர். உயர்ந்த நோக்கமும் மேலிருந்து வரும் கட்டளையும் மட்டும் உபாயமாகிவிடா என்பதற்கு இது அண்மைக்காலச் சான்று.

6. எழக்கூடிய மறுப்புகள்

இக்கருத்துகளுக்குச் சில மறுப்புகள் எழக்கூடும். பதினைந்து வாரப் பாடத்தில் வரலாறும் சமூகவியலும் கற்பிக்க நேரமேது என்பது ஒன்று. உபாயம் என்பதே ஒரு நிறுவனத்தின் சார்பில் வகுக்கப்படுவது. எல்லோர் நோக்கையும் கொண்டால் முடிவே எடுக்கமுடியாது என்பது மற்றொன்று. நமது கம்பனிகள் தகவல் தரா. ஆகவே பிறநாட்டுக் கதைகளையே நாடவேண்டியுள்ளது என்பது மூன்றாவது.

மூன்றாவது மறுப்பிலே உண்மை உண்டு. ஆயின் கோப்பி, சிங்கோனா, தேயிலை பற்றிய ஆவணங்கள் எந்தக் கம்பனியின் அனுமதிக்கும் காத்திருப்பவையல்ல. அக்காலச் செய்தித்தாள்களும் அரச அறிக்கைகளும் ஆய்வாளருக்குத் திறந்தே உள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் திரட்டித் தந்த மலைநாட்டு மக்களின் பாடல்களையும் சம்பவக் கற்கைக்குரிய ஆவணமாகக் கொள்ளலாம். கங்காணியின் கணக்கேடு சொல்லாதவற்றை அவை சொல்லும். இரண்டாவது மறுப்புக்கு விடை இதுவே: ஒரு நாற்காலியில் அமர்ந்து முடிவெடுக்கவே வேண்டும், ஆனால் அது ஒரு நாற்காலி என்பதையும், களத்தில் வேறு இடங்களும் உண்டு என்பதையும் அறிந்து எடுக்கவேண்டும். அவ்வறிவு முடிவைத் தாமதப்படுத்தலாம். அம்முடிவு நிலைத்து நிற்கவும் அதுவே உதவும். 1870களின் துரைமார் நோயைத் தம் கண்ணாற் கண்டும் விலையை மட்டுமே கணக்கிற் கொண்டதை எண்ணுக. நேரமின்மை பற்றிய முதல் மறுப்பைப் பொறுத்தவரை, பத்துக் கதைகளை மேலோட்டமாகக் கற்பதினும் ஒன்றை ஆழக் கற்பது மேல் என்றே கூறத் தோன்றுகிறது.

7. செய்யத்தக்கன

குறை கூறுவதோடு விமர்சகனின் கடமை முடிவதில்லையாகையால் சில ஆலோசனைகளை முன்வைக்கலாம்.

முதலாவதாக, சம்பவக் கற்கையை முடிவு தெரியாத இடத்தில் நிறுத்தவேண்டும். 1879இல் வாழும் தோட்ட உரிமையாளராக மாணவரை நிறுத்தி, அன்று வரை அறியக்கூடியனவற்றை மட்டும் கொடுத்து, கோப்பியா, சிங்கோனாவா, தேயிலையா, அன்றி நிலத்தை விற்றுவிட்டு ஊர் திரும்புவதா என்று கேட்கவேண்டும். நல்ல வகுப்பில் பெரும்பாலோர் சிங்கோனாவையே தெரிவு செய்வர். அத்தெரிவு அன்று அறிவுக்கு ஒத்ததாகவே இருந்தது என்பதை அவர்கள் உணரும் கணத்தில், உபாயம் பற்றிய கல்வி உண்மையில் தொடங்கும்.

இரண்டாவதாக, அதே நிகழ்வைப் பல இடங்களிலிருந்து எழுதச் செய்யவேண்டும். துரை, வங்கியின் முகவர், தாவரவியற் பூங்கா விஞ்ஞானி, கங்காணியின் கீழ்ச் சம்பள நிலுவையோடு நிற்கும் தொழிலாளி ஆகிய நால்வரின் நோக்கில் நான்கு ஒப்படைகள் எழுதி வகுப்பில் வாசிக்கலாம். இலக்கிய மாணவரும் முகாமைத்துவ மாணவரும் ஒருங்கே ஈடுபடத்தக்க பயிற்சி இது. பீடங்களுக்கிடையே நடந்தே செல்லும் தூரமுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அது கைகூடாததன்று.

மூன்றாவதாக, பரீட்சை மாறவேண்டும். நான்கு கட்டங்களை நிரப்புக, ஐந்து விசைகளை விளக்குக என்னும் வினாக்கள் நினைவாற்றலையே சோதிப்பன. ஒரு முடிவை முன்வைத்து, அதன் காரணங்களையும், அதனால் இழப்படைவோர் யார் என்பதையும், எந்த அறிகுறி தென்பட்டால் அம்முடிவைக் கைவிடுவோம் என்பதையும் எழுதச் சொல்லும் வினாவே இப்பாடத்துக்கு உரியது.

நான்காவதாக, சொல்லாட்சி பற்றிய கவனம் வேண்டும். முகாமைத்துவக் கல்வி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடைபெறும் இந்நாளில், தமிழ் மாணவர் தாம் கற்றதைத் தம் மொழியிற் சிந்தித்துப் பார்க்கும் வாய்ப்பு அருகிவருகிறது. கலைச்சொல்லாக்கத்தோடு நம் முயற்சி நின்றுவிடக் கூடாது. பேர், பிரட்டு, லயம், கைக்காசு என உழைப்போர் ஆக்கிய சொற்களும் இத்துறையின் சொற்களே.

தந்திரோபாய முகாமைத்துவம் பயனற்றது என்பது இக்கட்டுரையின் முடிபன்று. எதிர்காலம் பற்றி ஒழுங்காகச் சிந்திக்கும் ஆற்றல் வளங்குன்றிய நாட்டுக்கு இன்றியமையாதது. அதனை இளந்தலைமுறையினருக்கு அளிக்கும் பாடம் மதிக்கத்தக்கது. அது தன் கதைகளைப் பிறர் நாட்டிலிருந்து மட்டும் இரவல் பெறுவதும், அவற்றை ஒரேயொரு நாற்காலியிலிருந்து மட்டும் சொல்வதுமே நாம் எடுத்துக்காட்டிய குறைகள். ஹந்தானைச் சரிவில் நின்று நோக்குவோருக்குத் தேயிலைச் செடிகளின் பசுமையே முதலிற் புலப்படும். அச்செடிகளிடையே சில இடங்களில் கோப்பிக்கும் சிங்கோனாவுக்குமாக ஒருகாலத்தில் வெட்டப்பட்ட நிலம் இருக்கிறது. அந்நிலத்தை வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் கீழேயுள்ள விரிவுரை மண்டபங்களில் இன்று பயில்கிறார்கள். அவர்கள் கற்கும் பாடத்தில் அவர்களுடைய கதைக்கும் ஓரிடம் அளிப்பது ஆசிரியர்களின் கையில் இருக்கிறது.